எம்.பி. எந்தப் பக்கம் நின்றார்? பி.ஆர்.எஸ்., சன்சத் தளங்கள்: ஒரு மதிப்பீடு

மனசாட்சி வேண்டாம் என்கிறது, கட்சி ஆதரிக்கச் சொல்கிறது, தொகுதியில் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. இப்படி ஒரு மசோதா வரும்போது நம் எம்.பி. என்ன செய்தார் என்று தேட இன்று இரண்டு இலவசச் சேவைகள் இருக்கின்றன. ஒன்று, டெல்லியில் 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பின் தளம். மற்றொன்று, நாடாளுமன்றமே நடத்தும் டிஜிட்டல் சன்சத் தளம். இரண்டிலும் தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கான விடை எந்த ஒரு பக்கத்திலும் நேராகக் கிடைக்காது. தேடிச் சேர்க்க வேண்டும். எங்கே என்ன கிடைக்கும், எது ஏமாற்றும் என்பதற்குத்தான் இந்த மதிப்பீடு.

பி.ஆர்.எஸ். தளத்தில் எல்லோரும் முதலில் போவது ‘எம்.பி. டிராக்’ பக்கத்துக்கு. தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் எம்.பி.யின் படம், கட்சி, பதவிக் காலம், அதன் கீழே நான்கு எண்கள் வரும்: வருகை விகிதம், பங்கேற்ற விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவருபவை). பக்கத்திலேயே மாநில சராசரியும் தேசிய சராசரியும் இருக்கும். பக்கம் வேகமாகத் திறக்கிறது, செல்பேசியிலும் ஒழுங்காக வருகிறது. தேர்தல் நெருங்கினால் பத்திரிகைகள் போடும் ‘எம்.பி. ரிப்போர்ட் கார்டு’ பெரும்பாலும் இந்த நான்கு எண்களை வைத்து எழுதப்படுவதுதான்.

இந்த எண்கள் ஒருவரின் உழைப்பை ஓரளவு காட்டும். அவர் எடுத்த நிலைப்பாட்டைக் காட்டாது. உழைப்பை அளக்கும் இடத்திலும் கவனம் தேவை. வருகை என்பது பதிவேட்டில் கையொப்பம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பியவரும், இரவு வரை உட்கார்ந்து வாக்களித்தவரும் அன்றைய கணக்கில் ஒன்றுதான். பதினேழாவது மக்களவையின் சராசரி வருகை 79 சதவீதம் என்கிறது பி.ஆர்.எஸ். அதற்கு மேலே இருப்பவர் நல்லவர், கீழே இருப்பவர் மோசம் என்று படித்தால் தவறான முடிவுக்கே போவோம். அமைச்சர்களுக்கு இந்த எண்கள் இருக்காது. அவர்கள் பதிவேட்டில் கையொப்பமிடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை. எதிர்க்கட்சித் தலைவரும் கையொப்பமிட வேண்டியதில்லை. கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ‘அவைக்கே போகவில்லை’ என்று படத்தைப் பகிர்வது ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் நடக்கும் பிழை.

கேள்விகளின் கதை வேறு. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும்) கேள்விகள் 20, குறியிடாத (எழுத்தில் பதில் வரும்) கேள்விகள் 230. மாநிலங்களவையில் முறையே 15, 160. வந்து குவியும் நோட்டீஸ்களில் எவை பட்டியலுக்குள் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரே பொருளில் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக அச்சிடுகிறார்கள். ஆகவே 400 கேள்வி கேட்டவர் 200 கேட்டவரைவிட இரு மடங்கு அக்கறை உள்ளவர் என்று சொல்ல முடியாது. நல்ல உதவியாளர் ஒருவர் அலுவலகத்தில் இருந்தாலே எண் ஏறிவிடும். எண்ணை விட்டுவிட்டு, கீழே இருக்கும் கேள்விப் பட்டியலைத் திறந்து தலைப்புகளைப் படியுங்கள். ஒரு எம்.பி. தன் கட்சி கூட்டணி வைத்திருக்கும் அரசின் அமைச்சகத்திடம் சங்கடமான கேள்வி கேட்டிருக்கிறாரா, அல்லது ரயில் நிறுத்தமும் தபால் நிலையமும் மட்டும்தானா என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். ரயில் நிறுத்தம் கேட்பதும் தேவையான வேலைதான். ஆனால் கட்சிக்கும் மனசாட்சிக்கும் நடுவே அவர் எங்கே நின்றார் என்பதை அது சொல்லாது.

தனிநபர் மசோதா எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கட்சிக் கொறடாவின் பிடி அதிகம் விழாத இடம் இது. அதனால் ஒருவர் எதை மனதார நம்புகிறார் என்பதற்கு நல்ல தடயம் கிடைக்கும். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையைத் தாண்டுவது பல பத்தாண்டுகளாக நடக்காத ஒன்று. தளத்தின் எண்ணிக்கைக் கட்டத்தில் அதுவும் ‘1’தான், அறிமுகத்தோடு தூங்கிப்போன மசோதாவும் ‘1’தான்.

விவாத எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூஜ்ய நேரத்தில் இரண்டு நிமிடம் பேசியதும், பட்ஜெட் மீது நாற்பது நிமிடம் பேசியதும் தனித்தனியே ஒவ்வொன்று. அதைவிட முக்கியமான சேதி: மசோதா மீதான விவாதத்தில் யார் பேசுவது என்பதை உறுப்பினர் முடிவு செய்வதில்லை. கட்சியின் பலத்துக்கு ஏற்ப நேரம் ஒதுக்குவார்கள், பெயர்களைக் கட்சி எழுதிக் கொடுக்கும். மாற்றுக் கருத்து உள்ளவரின் பெயர் பெரும்பாலும் அந்தச் சீட்டில் இருக்காது. ஒரு பெரிய மசோதாவில் நம் எம்.பி. பேசவே இல்லை என்றால், அது அலட்சியமாகவும் இருக்கலாம், கட்சி வாய்ப்புக் கொடுக்காததாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

இனி இந்தச் சேவையின் பெரிய குறைக்கு வருவோம். எம்.பி. டிராக் பக்கத்தில் வாக்கு இல்லை. எந்த மசோதாவுக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்ற வரியே கிடையாது.

பிரிட்டனில் ‘தே ஒர்க் ஃபார் யூ’ என்ற தளம் இதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறது. அங்கே உறுப்பினரின் பெயரைத் தட்டினால் எந்தெந்தக் கொள்கையில் எந்தப் பக்கம் வாக்களித்தார், தன் கட்சியோடு எங்கே முரண்பட்டார் என்று வரிசையாக வரும். 2019 ஜனவரி 15 அன்று தெரசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றபோது, எதிர்த்தவர்களில் அவருடைய கட்சிக்காரர்களே 118 பேர். யார் யார் என்பதைப் பெயரோடு பார்க்கலாம். பி.ஆர்.எஸ். இதைச் செய்யாததைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. நம் அவைகளில் பதிவான வாக்கே குறைவு. பதிவானதிலும் கட்சியை மீறிய வாக்கு அபூர்வம். இரண்டுக்கும் காரணம் சட்டத்திலும் அவை விதியிலும் இருக்கிறது.

முதலில் விதி. மக்களவையில் அவைத்தலைவர் குரல் வாக்கெடுப்பு நடத்தி முடிவைச் சொல்வார். அதை யாராவது மறுத்தால், 367-ஆம் விதிப்படி லாபியைக் காலி செய்யச் சொல்லி, மூன்று நிமிடம் முப்பது நொடி கழித்து மறுபடி கேள்வியை வைக்க வேண்டும். அப்போதும் மறுத்தால்தான் பொத்தானை அழுத்தியோ சீட்டு வழியாகவோ டிவிஷன், அதாவது பெயரோடு எண்ணும் வாக்கெடுப்பு, நடக்கும். அதே விதியில் இன்னொரு வழியும் உண்டு. டிவிஷன் கேட்பது தேவையற்றது என்று அவைத்தலைவர் கருதினால், உறுப்பினர்களை இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிவிடலாம். அப்படிச் செய்தால் வாக்களித்தவர்களின் பெயர் பதிவாகாது. பெயர்ப் பட்டியல் கிடைக்காத மசோதாக்களில் தேடி நேரத்தை வீணாக்குவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் இப்படித்தான் போயின. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று சொல்லித் துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நாட்டின் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் தெருவில் உட்கார்ந்த ஒரு விவகாரத்தில், மேலவையில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்ற பட்டியல் வரலாற்றில் இல்லை. இது வாசகர் மனம் பதைக்க வேண்டிய இடம். எந்தத் தளமும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே தேடலை அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களில் தொடங்குவது நல்லது. 368-ஆவது பிரிவுப்படி அவற்றுக்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதனால் எண்ணியே ஆக வேண்டும், பெயரும் பதிவாகும். மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 2023 செப்டம்பரில் மக்களவையில் 454-க்கு 2. பொருளாதார அடிப்படையிலான பத்து சதவீத ஒதுக்கீட்டுக்கு 2019 ஜனவரி 8 அன்று 323-க்கு 3. இவற்றுக்கெல்லாம் பட்டியல் உண்டு.

தேடும் வழி இதுதான். பி.ஆர்.எஸ். தளத்தின் ‘பில் டிராக்’ பகுதியில் மசோதாவின் பெயரைத் தட்டுங்கள். அறிமுகமான நாள், குழுவுக்குப் போனதா, எந்த அவையில் எந்த நாளில் நிறைவேறியது என்று ஒரு கோடு போட்ட காலவரிசை வரும். அந்த இரண்டு தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சன்சத் தளத்தில் அந்த அவையின் விவாதப் பகுதிக்குப் போய், அந்தத் தேதியின் முழு நடவடிக்கையைப் பி.டி.எஃப். ஆக இறக்குங்கள். பழைய மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இருக்கும். கோப்பு நூற்றுக்கணக்கான பக்கம் போகும். முதலிலிருந்து படிக்க வேண்டாம், ‘டிவிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடலில் போட்டால் நேராக அங்கே போகும். ஆம், இல்லை, வாக்களிக்கவில்லை என்று மூன்று தலைப்பின் கீழ் பெயர்கள் இருக்கும்.

நம் ஊர்ப் பெயர்களைத் தேடுவது கொஞ்சம் சிரமம். பட்டியல் ஆங்கில அகரவரிசையில், குடும்பப் பெயரை முன்னால் போட்டு அச்சாகிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் அப்பா பெயர் முன்னால் வரலாம், சொந்தப் பெயரும் வரலாம். ஒரே ஆள் இரண்டு கூட்டத்தொடரில் இரண்டு எழுத்துக் கூட்டலில் வந்திருக்கவும் கூடும். பெயரின் நடுவில் இருக்கும் நாலைந்து எழுத்தை மட்டும் தேடுங்கள், மாட்டிவிடும். பட்டியலில் கட்சி இருக்காது. அதை எம்.பி. டிராக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வாக்கு நடந்த நாளில் அவர் எந்தக் கட்சியில் இருந்தார் என்பதையும் சரிபாருங்கள்.

எண்களில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பொத்தான் வேலை செய்யாதவர்களும் தவறாக அழுத்தியவர்களும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதனால் முதலில் திரையில் வரும் முடிவைத் ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று சொல்லித்தான் அறிவிப்பார்கள். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்ய நடந்த வாக்கெடுப்பில், திரையில் வந்தது 220-க்கு 149. சீட்டுகளையும் சேர்த்த பிறகு 269-க்கு 198. அன்று நேரலையைப் பார்த்து எழுதப்பட்ட பதிவுகளில் முதல் எண் இன்னும் கிடக்கிறது. அவைக் குறிப்பில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் என்ன பொருள்? இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்சிகளின் நடைமுறையைத் தெரிந்தவருக்குப் பயன் அதிகம். வராமல் இருந்திருக்கலாம், வெளிநடப்புச் செய்திருக்கலாம். இரண்டுக்கும் தாளில் ஒரே தோற்றம். 323-க்கு 3 என்ற அந்தப் பத்து சதவீத ஒதுக்கீட்டு வாக்கைப் பாருங்கள். எண்ணைப் பார்த்தால் நாடே ஒரு பக்கம் நின்றது போலத் தெரியும். அப்போது மக்களவையின் மூன்றாவது பெரிய கட்சி அதிமுக. தம்பிதுரை மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார், கட்சி வெளிநடப்புச் செய்தது. ‘இல்லை’ பட்டியலில் அவர்கள் யாரும் இல்லை. கொள்கையைப் பேச்சில் காப்பாற்றி, மத்திய அரசோடு மோதாமல் வாக்கில் ஒதுங்கிக்கொள்ளும் வழி அது. பேச்சையும் பட்டியலையும் சேர்த்து வைத்தால்தான் இது புலப்படும்.

இரண்டு அவைகளையும் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். 2019 ஜூலையில் முத்தலாக் தடை மசோதா வந்தது. ஜூலை 25 அன்று மக்களவையில் 303-க்கு 82 என்று நிறைவேறியது. அங்கே அதிமுகவுக்கு இருந்த ஒரே உறுப்பினர் தேனி ரவீந்திரநாத் மசோதாவை ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 30 அன்று, மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேசினார், உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். வேலூர் மக்களவைத் தொகுதிக்கு ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு. முஸ்லிம் வாக்குகள் கணிசமாக உள்ள தொகுதி அது. மேலவையில் மசோதா 99-க்கு 84 என்று நிறைவேறியது. பதினைந்து வாக்கு வித்தியாசம். வெளிநடப்புச் செய்த கட்சிகள் உள்ளே உட்கார்ந்து ‘இல்லை’ என்று அழுத்தியிருந்தால் கணக்கு நெருங்கியிருக்கும். மக்கள் கருத்துக்காகப் பேச்சு, கூட்டணிக்காக வெளிநடப்பு, நடுவில் கட்சிக்குள் இரண்டு குரல். இவ்வளவையும் மூன்று தேதிகளும் இரண்டு அவைக் குறிப்புகளும் காட்டிவிடுகின்றன. ரவீந்திரநாத்தின் எம்.பி. டிராக் பக்கத்தில் இவ்வளவும் ‘பங்கேற்ற விவாதங்கள்’ என்ற எண்ணில் ஒன்றாக மட்டும் அடங்கிக் கிடக்கும்.

இந்த வாக்கில் இன்னொரு நுணுக்கம். இறுதி வாக்குக்கு முன், மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானம் 84-க்கு 100 என்று தோற்றது. பத்து சதவீத ஒதுக்கீட்டிலும் அப்படித்தான். மாநிலங்களவையில் கனிமொழி கொண்டுவந்த தெரிவுக் குழுத் தீர்மானம் 18-க்கு 155 என்று தோற்ற பிறகுதான் இறுதி வாக்கு 165-க்கு 7 என்று வந்தது. பல சமயம் உண்மையான தராசு இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது. மசோதாவை நேரடியாக எதிர்க்கத் தயங்கும் கட்சிகள் ‘குழு பார்க்கட்டும்’ என்பதற்குக் கை தூக்கும். பில் டிராக் காலவரிசையில் இந்த இடைவாக்குகளைத் தனியாகக் காண முடியவில்லை. அவைக் குறிப்பில் இறுதி டிவிஷனுக்கு மேலே சில பக்கம் நகர்ந்தால் கிடைக்கும்.

ஒரு கட்சியின் உதாரணத்தோடு நிறுத்தினால் படம் சாய்ந்துவிடும். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு எதிரான தீர்மானம் 2012 டிசம்பர் 5 அன்று மக்களவையில் 218-க்கு 253 என்று தோற்றது. திமுக அந்த முதலீட்டை எதிர்த்த கட்சி. ஆனாலும் ஆட்சியைக் காக்க அரசோடு வாக்களிப்போம் என்று அறிவித்து அப்படியே வாக்களித்தது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அதே எதிர்ப்போடு வெளிநடப்புச் செய்து அதே உதவியைச் செய்தன. வாக்குப் பட்டியலை மட்டும் படிப்பவர் திமுகவை முதலீட்டு ஆதரவாளர் என்று எழுதிவிடுவார். அறிவிப்பை மட்டும் படிப்பவர் எதிர்ப்பாளர் என்று எழுதிவிடுவார். இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை.

வாக்குக்குப் பிறகு நடப்பதையும் பின்தொடர வேண்டும். குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியபோது, அதிமுகவின் 11 உறுப்பினர்கள் அரசின் பக்கம் இருந்தார்கள். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இடையில் சட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது தெருவில் தெரிந்த எதிர்ப்பு. தேர்தல் அறிக்கைகளைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். தேர்தல் முடிந்த பின் கட்சித் தளங்களில் அவை எளிதில் கிடைப்பதில்லை.

இப்போது சட்டம். கட்சியை மீறிய வாக்கு ஏன் இவ்வளவு அபூர்வம்? அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைதான், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம்தான், காரணம். 1985-இல் 52-ஆவது திருத்தமாக வந்தது. கட்சி உறுப்பினர் பதவியைத் தானாக விட்டாலோ, முன் அனுமதி இல்லாமல் கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ உறுப்பினர் பதவி போகலாம். மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப் பதவியைப் பறிக்கும் உத்தரவை நம்பிக்கை வாக்கு போன்றவற்றுக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்றது. கட்சிகள் அதைப் பின்பற்றவில்லை. சாதாரண மசோதாவுக்கும் ‘மூன்று வரி’ உத்தரவு, அதாவது மிகக் கண்டிப்பான கொறடா உத்தரவு, வருகிறது. பிரிட்டனில் 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சனை எதிர்த்து வாக்களித்த 21 பேரைக் கட்சி வெளியேற்றியது, ஆனால் அவர்கள் எம்.பி.யாகவே நீடித்தார்கள். இங்கே கட்சியை எதிர்ப்பவர் இருக்கையையே பணயம் வைக்கிறார். ஆகவே நம் எம்.பி. கட்சியோடு வாக்களித்தார் என்பதை வைத்து அவருக்குக் கொள்கை இல்லை என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

அந்தக் கொறடா உத்தரவு எந்தத் தளத்திலும் இருக்காது. அது கட்சிக்குள் சுற்றும் தாள். தகுதி நீக்க வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போதுதான் அதன் வாசகம் வெளியே தெரியும். தீர்ப்பில் மனுதாரர் தரப்பு விவரிக்கப்படும் பகுதியைப் படித்தால் யார், எப்போது, எந்த வழியில் உத்தரவைக் கொடுத்தார் என்பதெல்லாம் இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு அருகருகே இரண்டு உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு வென்றார். ஓ. பன்னீர்செல்வம் உட்பட அந்த 11 பேரும் கட்சிக்கு எதிராக வாக்களித்தவர்கள். பதவி போகவில்லை. அதே ஆகஸ்டில் அணிகள் இணைந்து பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் அவையில் கட்சிக்கு எதிராக வாக்களிக்கவே இல்லை. அவர்களைப் பேரவைத் தலைவர் 2017 செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று அதை உறுதி செய்தார். சட்டம் ஒன்று, முடிவு செய்யும் இடத்தில் இருந்தவரும் ஒருவரே. கட்சி ஒற்றுமை எப்போது மன்னிக்கும், எப்போது தண்டிக்கும் என்பதை விதிப் புத்தகத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கட்சியே வெளியேற்றினாலும் தப்ப முடியாது. நீக்கப்பட்ட உறுப்பினர் வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று 1996-இல் ஜி. விசுவநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டுச் சட்டமன்ற வழக்குதான்.

கொறடாவின் கை எட்டாத இடங்கள் சில உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல்களில் உத்தரவு கிடையாது, வாக்கும் ரகசியம். அதனால் தேடப் பட்டியலும் இல்லை. பயனுள்ளது நாடாளுமன்றக் குழுக்கள்தான். துறை சார்ந்த 24 நிலைக்குழுக்களும், தனி மசோதாக்களுக்கான கூட்டுக் குழுக்களும் கதவை மூடி நடக்கின்றன, அங்கே கொறடா உத்தரவு இல்லை. அறிக்கையோடு உடன்படாத உறுப்பினர் தன் பெயரில் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதி இணைக்கலாம். வக்ஃப் மசோதாவின் கூட்டுக் குழு அறிக்கையை எடுத்தால் ஆ. ராசா உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர்களின் குறிப்புகள் பின்னிணைப்பில் கிடைக்கும். பில் டிராக் பக்கத்தில் குழு அறிக்கைக்கு இணைப்பு கொடுக்கிறார்கள். இந்தச் சேவையில் எங்கள் பார்வையில் அதிக மதிப்புள்ளது அந்த இணைப்புதான். அறிக்கையைத் திறந்ததும் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பிரச்சினை என்னவென்றால், குழுவுக்குப் போகும் மசோதாவே குறைந்துவிட்டது. பதினேழாவது மக்களவைக் காலத்தில் 16 சதவீதம்தான் போனது என்பது பி.ஆர்.எஸ். கணக்கு.

பேச்சு உரையைப் படிக்கும்போது இரண்டு அடையாளங்களைக் கவனியுங்கள். தமிழில் பேசியவரின் உரை ஆங்கில மொழிபெயர்ப்பாக அச்சாகி, தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ‘தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு’ என்று அடியில் குறித்திருப்பார்கள். சொன்ன சொல் முக்கியம் என்றால் சன்சத் டிவியின் காணொலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் காரம் குறைவது உண்டு. புள்ளிகளோ நட்சத்திரங்களோ தொடராக வந்தால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பகுதி. ‘திருத்தப்படாதது’ என்று மேலே எழுதியிருக்கும் கோப்பை மேற்கோளுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது பாதுகாப்பு.

சட்டமன்றத்துக்கு வந்தால் பி.ஆர்.எஸ். கை கொடுப்பது குறைவு. மாநிலச் சட்டங்கள் பற்றி ஆண்டு அறிக்கை வெளியிடுகிறார்கள், அது நன்றாக இருக்கிறது. ஆனால் நம் எம்.எல்.ஏ. பேசியதையும் கேட்டதையும் எம்.பி. அளவுக்கு விரிவாகப் பார்க்க முடியாது. பேரவையின் சொந்தத் தளத்தில் நடவடிக்கைக் குறிப்புகள் தமிழிலேயே இருக்கின்றன. அங்கே தேதி வாரியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

மொழியும் ஒரு தடைதான். பி.ஆர்.எஸ். தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது, சில ஆவணங்கள் இந்தியிலும் உண்டு. மசோதாச் சுருக்கங்கள் கட்சிச் சாயல் இல்லாமல், இரண்டு பக்க வாதத்தையும் வைத்து எழுதப்படுகின்றன. கல்லூரி மாணவருக்கும் செய்தியாளருக்கும் இவ்வளவு சுத்தமான சுருக்கம் வேறெங்கும் இலவசமாகக் கிடைப்பது கடினம். உலாவியின் மொழிபெயர்ப்பில் படித்தால் சட்டச் சொற்கள் உருக்குலைந்துவிடுகின்றன. கொறடா உத்தரவைக் குறிக்கும் ‘விப்’ என்பதைச் ‘சாட்டை’ என்று காட்டும் பக்கத்தை வைத்து யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பில் டிராக்குக்கு ஐந்துக்கு நாலரை. எம்.பி. டிராக்குக்கு இரண்டரை, அதுவும் கீழே இருக்கும் தலைப்புப் பட்டியல்களுக்காக. சன்சத் தளத்துக்கு மூன்று. எல்லாம் அங்கே இருக்கிறது, ஆனால் தேதி தெரியாதவருக்கு ஒன்றும் கிடைக்காது.

பி.ஆர்.எஸ். குழுவிடம் கேட்க வேண்டியது பெரிய வசதி ஒன்றுமில்லை. ஒவ்வொரு மசோதாப் பக்கத்திலும் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: குரல் வாக்கா, டிவிஷனா; டிவிஷன் என்றால் ஆம், இல்லை எண்கள், தெரிவுக் குழுத் தீர்மானத்தின் எண்கள், அவைக் குறிப்பில் பட்டியல் தொடங்கும் பக்க எண். வெளிநடப்புச் செய்த கட்சிகளின் பெயரையும் அதே வரியில் போட்டால், செய்தித்தாளைத் துழாவாமல் ஒரு வாக்காளர் ஐந்து நிமிடத்தில் தன் எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிவிட முடியும்.